அண்ணாச்சி கடைக்கு ஒரு வெப்சைட்!



தீபாவளிக்குச் சட்டை எடுக்க இரண்டு வழி இருக்கிறது. ரெடிமேட் கடைக்குப் போனால் 30, 32, 34 என்று அளவு போட்டு அடுக்கி வைத்திருப்பார்கள். தோள் சரியாக இருந்தால் கை நீளமாக இருக்கும். கை சரியாக இருந்தால் வயிறு இறுக்கும். இன்னொரு வழி, தையல்காரரிடம் போவது. அவர் கழுத்தில் தொங்கும் டேப்பை எடுத்து உங்கள் தோள், மார்பு, கை எல்லாம் அளந்து நோட்டில் குறித்துக் கொள்வார். "வளர்ற பையன், ஒரு இன்ச் கூடவே வச்சுத் தைங்க" என்று அம்மா பக்கத்தில் நின்று சொல்வார். அந்தச் சட்டை உங்களுக்கென்றே தைத்த சட்டை!

வெப்சைட்டிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. ஏற்கனவே தயாராக இருக்கும் அச்சில் பெயரையும் படத்தையும் மட்டும் மாற்றிப் போட்டுக் கொள்வது ரெடிமேட் சட்டை மாதிரி. இதற்கு 'டெம்ப்ளேட்' என்று பெயர். செலவு குறைவு, ஒரே நாளில் முடிந்து விடும். ஒருவருடைய தேவையைக் கேட்டு, அளவெடுத்து, அவருக்காகவே செய்து கொடுப்பது இரண்டாவது வகை. இப்படிச் செய்து தருகிறவர்தான் 'வெப் டிசைனர்'. பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே தனி ஆட்கள் இருப்பார்கள். உங்கள் தெருமுனைக் கடைக்கும், உங்கள் ஊர் ரத்த தானக் குழுவுக்கும் யார் இருக்கிறார்கள்? அவர்களுக்காக வேலை செய்யும் டிசைனர் என்னதான் செய்கிறார் என்று பார்ப்போமா?

அதற்கு முன்னால் ஒரு சின்னக் கதை. கதை என்றாலும் உண்மைக் கதைதான்.

சுவிட்சர்லாந்து நாட்டில் ஜெனீவா நகரத்துக்குப் பக்கத்தில் 'செர்ன்' என்ற பெரிய ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேயர், கம்ப்யூட்டர்களில் சிதறிக் கிடக்கும் தகவல்களை ஒன்றோடு ஒன்று கோத்து வைக்க ஒரு திட்டம் எழுதி, 1989 மார்ச் மாதம் தன் மேலதிகாரியிடம் கொடுத்தார். அதைப் படித்த அதிகாரி மேலே என்ன எழுதினார் தெரியுமா? "தெளிவாக இல்லை... ஆனால் சுவாரசியமாக இருக்கிறது!" அந்தத் தெளிவில்லாத திட்டம்தான் இன்று நாம் பார்க்கும் வலைத்தளங்களுக்கெல்லாம் தாத்தா!

உலகத்தின் முதல் வெப்சைட் 1991-ல் வந்தது. அது இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டரில். யாராவது தெரியாமல் சுவிட்சை அணைத்து விட்டால்? அதனால் அந்தக் கம்ப்யூட்டர் மேலேயே, "இதை அணைக்காதீர்கள்!" என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டி வைத்திருந்தார் டிம். 1993 ஏப்ரல் 30-ம் தேதி, 'இந்தத் தொழில்நுட்பத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம்' என்று செர்ன் அறிவித்தது. அன்றைக்கு அப்படி அறிவிக்காமல் காசு கேட்டிருந்தால், சின்னக் கடைக்காரர்கள் பாடு திண்டாட்டம்தான்.

சரி, இப்போது நம் கடைக்கு வருவோம்.

அளவெடுக்கும் வேலை

கோவில்பட்டி கடலை மிட்டாய் சாப்பிட்டிருக்கிறீர்களா? நிலக்கடலையை வறுத்து, வெல்லப்பாகு காய்ச்சிச் செய்வார்கள். 2020-ம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு கூடக் கிடைத்தது. அந்த ஊரில் ஒரு சின்னக் கடலை மிட்டாய்க் கடை இருப்பதாக வைத்துக் கொள்வோம். கடைக்கார அண்ணாச்சி வெப்சைட் வேண்டும் என்கிறார். டிசைனர் தம்பி வந்து உட்காருகிறார். கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. நோட்டும் பேனாவும்தான்.

"தம்பி, பெரிய பெரிய கம்பெனிக்காரங்க வச்சிருக்காங்கள்லா, அது மாதிரி படம் பறக்கணும், பாட்டுப் பாடணும்" என்கிறார் அண்ணாச்சி.

"செஞ்சிரலாம் அண்ணாச்சி. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. உங்க கடைக்குப் போன் பண்றவங்க முதல்ல என்ன கேக்காங்க?"

"வேற என்ன கேப்பாங்க? கிலோ என்ன வெலைம்பாங்க. மெட்ராசுக்கு அனுப்புவீங்களாம்பாங்க. எத்தனை நாள் கெடாம இருக்கும்பாங்க. ஞாயித்துக்கெழமை கடை உண்டுமாம்பாங்க. ஒரு நாளைக்கு இதையே அம்பது தடவை சொல்லி வாய் வலிக்கி!"

"அவ்வளவுதான் அண்ணாச்சி. உங்க வெப்சைட்டே இதுதான்!"

அண்ணாச்சிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் தம்பி சொன்னதில் விஷயம் இருக்கிறது. கடைக்கு வருகிறவர் எதைத் தேடி வருகிறாரோ, அது முதல் பார்வையிலேயே கண்ணில் பட வேண்டும். விலையைத் தேடுகிறவருக்கு, 'எங்கள் நிறுவனத்தின் நோக்கம்' என்று இரண்டு பக்கக் கட்டுரையைக் காட்டினால் என்ன செய்வார்? அடுத்த கடைக்குப் போய்விடுவார். பாட்டுப் பாடும் வெப்சைட் இன்னும் மோசம். பஸ்ஸில் உட்கார்ந்து திறந்தால், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்!

அடுத்ததாக டிசைனர் பேப்பரில் கட்டம் கட்டமாகப் படம் போடுவார். மேலே கடையின் பெயர். அதற்குக் கீழே கடலை மிட்டாய்ப் படம். பக்கத்தில் விலை. பெரிய எழுத்தில் போன் நம்பர். அழித்து அழித்துப் போடுவார். பேப்பரில் அழிப்பது சுலபம். எல்லாம் செய்து முடித்த பிறகு மாற்றுவது, கட்டிய சுவரை இடிப்பது மாதிரி.

மூன்று மொழிகள்

வெப்சைட் செய்ய மூன்று கம்ப்யூட்டர் மொழிகள் வேண்டும். முதலாவது எச்.டி.எம்.எல். எது தலைப்பு, எது பத்தி, எது படம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். இரண்டாவது சி.எஸ்.எஸ். அந்தத் தலைப்பு என்ன நிறம், எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் என்று சொல்லும். மூன்றாவது ஜாவாஸ்கிரிப்ட். பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும். 'இரண்டு கிலோ' என்று தட்டினால் உடனே மொத்த விலையைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறதல்லவா, அது இதன் வேலை. ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை பிரெண்டன் ஐக் என்பவர் 1995-ல் பத்தே நாட்களில் எழுதினார். காலாண்டுப் பரீட்சை லீவுக்குள் ஒரு மொழியையே உருவாக்கிவிட்டார், பாருங்களேன்!

முதல் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பெரியவர்களுக்கே குழப்பம் வரும். அதைப் புரிய வைக்க, 2003-ல் டேவ் ஷே என்பவர் 'சி.எஸ்.எஸ். ஜென் கார்டன்' என்று ஒரு வெப்சைட் தொடங்கினார். அதில் எழுத்தெல்லாம் ஒன்றேதான். எச்.டி.எம்.எல்.லில் ஒரு புள்ளி கூட மாற்றக் கூடாது. சி.எஸ்.எஸ்.ஸை மட்டும் மாற்றி யார் வேண்டுமானாலும் அலங்காரம் செய்யலாம் என்றார். உலகம் முழுவதிலுமிருந்து டிசைனர்கள் அனுப்பினார்கள். பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். மாறுவேடப் போட்டியில் ஒரே பையன் ஒரு தடவை பாரதியாராகவும், அடுத்த தடவை கட்டபொம்மனாகவும் வருவானே, அது போலத்தான்!

நிறத்துக்கு வருவோம். கம்ப்யூட்டர் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றே விளக்குகள். ஒவ்வொன்றையும் 256 படிகளில் ஏற்றி இறக்கலாம். 256-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள். 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 நிறங்கள்! இத்தனை இருக்கிறதே என்று எல்லாவற்றையும் போட்டு விடக் கூடாது. அண்ணாச்சிக்கு மஞ்சள் பிடிக்கும் என்பதற்காக வெள்ளைத் தாளில் மஞ்சளில் எழுதினால் யார் கண்ணுக்குத் தெரியும்? எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை எண்ணாகவே கணக்கிடலாம். வெள்ளை மேல் கறுப்பு என்றால் 21-க்கு 1. இதுதான் மிக அதிகம். சாதாரண எழுத்துகளுக்குக் குறைந்தது 4.5-க்கு 1 வேண்டும் என்பது உலகம் முழுவதும் பின்பற்றும் விதி. வெள்ளை மேல் பளிச் மஞ்சள் எவ்வளவு தெரியுமா? 2 கூட வராது!

படங்களிலும் ஒரு கணக்கு இருக்கிறது. செல்போனில் எடுத்த ஒரு போட்டோ 4 மெகாபைட் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு பைட் என்பது 8 பிட். ஆக, 32 மெகாபிட். சிக்னல் சரியில்லாத ஊரில் நொடிக்கு 1 மெகாபிட்தான் வருகிறது என்றால், அந்த ஒரு படம் வந்து சேர 32 நொடி ஆகும். அரை நிமிடம் யார் காத்திருப்பார்கள்? டிசைனர் அதே படத்தைச் சுருக்கி 200 கிலோபைட் ஆக்குவார். இரண்டு நொடிக்குள் வந்து விடும். கடலை மிட்டாய் அதே பளபளப்போடுதான் இருக்கும், பயப்படாதீர்கள்.

வெப்சைட்டைத் திறக்கும் திரைகளும் ஒரே அளவில் இல்லை. ஒருவர் செல்போனில் பார்ப்பார், ஒருவர் பெரிய கம்ப்யூட்டரில் பார்ப்பார். திரைக்கு ஏற்றபடி பக்கம் தானே ஒடுங்கி, விரிந்து கொள்ளும் முறையை 2010-ல் ஈத்தன் மார்காட் என்பவர் விளக்கி எழுதினார். செம்பில் ஊற்றினால் செம்பு வடிவம், தட்டில் ஊற்றினால் தட்டு வடிவம் எடுக்கும் தண்ணீர் போல!

தமிழில் எழுதுவது இன்று சுலபம். முன்பு அப்படி இல்லை. 2000-ம் ஆண்டு வாக்கில் ஒவ்வொரு தமிழ்த் தளமும் ஆளுக்கொரு எழுத்துருவை வைத்திருந்தது. அந்த எழுத்துருவை முதலில் உங்கள் கம்ப்யூட்டரில் இறக்கிக் கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் 'அம்மா' என்று எழுதிய இடத்தில் கொசுவும் கொம்புமாக ஏதேதோ தெரியும்! யூனிகோடு என்ற பொது முறை பரவிய பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. அதில் உலக மொழிகளின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நிரந்தர எண் உண்டு. நம் 'அ'வுக்கு 2949. உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரில் போய்க் கேட்டாலும் 2949 என்றால் 'அ'தான்!

வாசல் யார் பெயரில்?

வெப்சைட்டுக்கு ஒரு முகவரி வேண்டும் அல்லவா? 'டாட் காம்', 'டாட் இன்' என்று முடியுமே, அதுதான். தமிழ் எழுத்திலேயே 'இந்தியா', 'இலங்கை', 'சிங்கப்பூர்' என்று முடியும் முகவரிகளும் இருக்கின்றன. இதை யாரும் ஒரேயடியாக விலைக்கு வாங்க முடியாது. வாடகை வீடு போல, குறிப்பிட்ட காலத்துக்குப் பணம் கட்டிப் பதிவு செய்து, தவறாமல் புதுப்பித்து வர வேண்டும். மறந்து போனால், சிறிது காலம் கழித்து வேறு யாராவது அதை எடுத்துக் கொள்ளலாம்.

இங்கேதான் பல சின்னக் கடைக்காரர்கள் மாட்டிக் கொள்கிறார்கள். 'எல்லாம் தம்பி பார்த்துக்குவாரு' என்று விட்டு விடுவார்கள். தம்பி முகவரியைத் தன் பெயரில் பதிவு செய்து விடுவார். ஏமாற்ற நினைத்து இல்லை, அவசரத்தில். இரண்டு வருடம் கழித்து தம்பி வேறு வேலை கிடைத்து வெளிநாடு போய் விடுவார். போன் நம்பரும் மாறி விடும். பை, அட்டைப்பெட்டி, ரசீது எல்லாவற்றிலும் அச்சடித்த முகவரி, ஒரு நாள் திறக்காமல் போகும். கடையை இத்தனை வருடம் கஷ்டப்பட்டு நடத்தியவர் அண்ணாச்சி. வாசல் மட்டும் வேறு ஒருவர் பெயரில்! நல்ல டிசைனர் வேலை தொடங்கும் முதல் நாளே, "அண்ணாச்சி, இது உங்க பேர்லதான் இருக்கணும். பாஸ்வேர்டு நீங்கதான் வச்சுக்கணும்" என்று சொல்லி விடுவார்.

இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் கட்டலாமே என்று கேட்கிறீர்களா? 'ஜியோசிட்டீஸ்' என்று ஒன்று இருந்தது. 1990-களில் லட்சக்கணக்கான பேர் அங்கே இலவசமாக வெப்சைட் வைத்திருந்தார்கள். 1999-ல் அதை யாஹூ நிறுவனம் வாங்கியது. 2009 அக்டோபரில் அமெரிக்காவில் மூடி விட்டது. சில தன்னார்வலர்கள் ஓடி ஓடி, முடிந்த வரை பிரதி எடுத்து வைத்தார்கள். நேரத்தில் கவனிக்காதவர்களின் பக்கங்கள் போனது போனதுதான்.

சிட்னியில் நடந்த வழக்கு

ஒரு வெப்சைட்டால் வழக்கு வந்த கதை இது. 2000-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. அதற்கு ஒரு வெப்சைட் வைத்தார்கள். புரூஸ் மெக்வயர் என்பவருக்குப் பிறவியிலேயே கண் பார்வை இல்லை. ஆனால் அவர் கம்ப்யூட்டர் பயன்படுத்துவார். திரையில் வரும் எழுத்துகளை விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் புள்ளிகளாக மாற்றித் தரும் கருவி அவரிடம் இருந்தது.

கருவி எழுத்தைப் படிக்கும். படத்தை எப்படிப் படிக்கும்? அதற்காகவே எச்.டி.எம்.எல்.லில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால், அது என்ன படம் என்று ஒரு வரி எழுதி வைக்கலாம். 'வறுத்த கடலையும் வெல்லமும் வைத்த தட்டு' என்று எழுதினால் போதும். பார்வை இல்லாதவருக்கு அது போய்ச் சேரும். ஒலிம்பிக் வெப்சைட்டில் பல படங்களுக்கு அந்த வரியே இல்லை. எந்தெந்த விளையாட்டுகள் என்ற பட்டியலுக்கும், முடிவுகளுக்கும் புரூஸால் போக முடியவில்லை.

அவர் மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார். சரி செய்ய ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும், ஏகப்பட்ட செலவு என்று ஒலிம்பிக் குழு சொல்லிப் பார்த்தது. ஆணையம் ஒப்புக் கொள்ளவில்லை. போட்டி தொடங்கும் செப்டம்பர் 15-க்குள் சரி செய்ய வேண்டும் என்று 2000 ஆகஸ்டில் உத்தரவு போட்டது. குழு முழுமையாகச் செய்யவில்லை. கடைசியில் புரூசுக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் நஷ்டஈடு கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு படத்துக்கு ஒரு வரி! முதலிலேயே எழுதியிருந்தால் எவ்வளவு சுலபம்?

ராத்திரி 2 மணி

கடைக்கு ஒரு அளவு என்றால், பொது அமைப்புக்கு வேறு அளவு. ரத்த தானக் குழுவையே எடுத்துக் கொள்ளுங்கள். அதன் வெப்சைட்டுக்கு யார் வருவார்கள்? ராத்திரி 2 மணிக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவில், கை நடுங்க, சார்ஜ் குறைந்த செல்போனை வைத்துக் கொண்டு நிற்கும் ஒருவர். அவருக்குக் குழுத் தலைவர் பொன்னாடை வாங்கும் படம் வேண்டாம். தொட்டவுடன் அழைக்கும் போன் நம்பர் ஒன்று, பக்கத்தின் உச்சியில் பெரிதாக வேண்டும். அவ்வளவுதான். பொன்னாடை படத்தைக் கடைசிப் பக்கத்தில் போட்டுக் கொள்ளலாம், தலைவர் கோபித்துக் கொள்ள மாட்டார். கோபித்தாலும் பரவாயில்லை!

சரி, ரத்தம் கொடுப்பவர்கள் எல்லோருடைய பெயரையும் நம்பரையும் வெப்சைட்டில் போட்டு விட்டால் இன்னும் வசதிதானே? உங்களில் பலருக்கு இப்படித் தோன்றும். யோசித்துப் பாருங்கள். அந்தப் பட்டியலை உலகமே பார்க்கும். தேவையில்லாத ஆட்கள் கூப்பிட்டுத் தொல்லை கொடுப்பார்கள். பயந்து போய், பலர் பெயரை எடுத்து விடச் சொல்வார்கள். இன்னொன்று, ஒரு முறை ரத்தம் கொடுத்த ஆண்கள் மூன்று மாதமும், பெண்கள் நான்கு மாதமும் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். நேற்றுக் கொடுத்தவரை இன்று எழுப்பி என்ன பயன்? அதனால் பட்டியல் குழுவிடம் பூட்டி இருக்க வேண்டும். வெளியே ஒரே நம்பர். அதை எடுத்துப் பேச, முறை வைத்து ஒருவர் விழித்திருக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை எந்த வெப்சைட்டாலும் செய்ய முடியாது.

எல்லாம் முடிந்ததும் சோதனை. டிசைனர் அந்த வெப்சைட்டை இதுவரை பார்க்காத ஒருவரிடம் செல்போனைக் கொடுப்பார். "ஒரு கிலோ கடலை மிட்டாய் ஆர்டர் பண்ணுங்க" என்பார். பிறகு வாயைத் திறக்க மாட்டார். அவர் எங்கே தடுமாறுகிறார், எதைத் தேடுகிறார் என்று பார்த்துக் கொண்டே இருப்பார். 'அங்க இல்ல, மேல பாருங்க' என்று சொல்ல நாக்குத் துறுதுறுக்கும். சொல்லக் கூடாது! வீட்டில் இருந்தபடி தேடுகிறவர் பக்கத்தில் டிசைனர் உட்கார்ந்து வழி சொல்ல முடியுமா என்ன?

உங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் டீச்சரிடம் அனுமதி வாங்கிக் கொண்டு, ஏதாவது ஒரு வெப்சைட்டைத் திறந்து, கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி 'யூ' விசையைத் தட்டுங்கள். அந்தப் பக்கத்தின் உள்பக்கம், அதாவது எச்.டி.எம்.எல்., அப்படியே திறக்கும். தைத்த சட்டையைத் திருப்பிப் பார்ப்பது போல! அதில் படங்கள் வரும் இடங்களில் 'ஆல்ட்' என்ற ஆங்கிலச் சொல் இருக்கும். அதற்குப் பக்கத்தில், மேற்கோள் குறிக்குள் அந்தப் படத்தைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா, காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.